எதையும் அமுக்க வேண்டாம்

ஆல்புகர்க்கி, நியூ மெக்சிகோ
பிப்ரவரி 10, 2019

அன்புள்ள அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சின் நடுவில் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு ஆறு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு டோரிஸை அழைத்தேன். "உங்கப்பாவுக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு. காலையிலகூட என் வாசல் பனியை அள்ளிப் போட்டாரு. ஒரு வார்த்தை பேசலை. எப்பதான் பேசியிருக்காரு?" என்று சிரித்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லையா நீங்கள்? நவம்பரில் நரம்பு மருத்துவர் சொன்னது ஊரில் யாருக்குமே தெரியாதா? தசைகளை ஓயவைக்கும் நோய், நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கியிருக்கிறது, பேச்சு முதலில் போகும், பிறகுதான் கைகால்களுக்கு வரும் என்றாரே, அதை நீங்கள் மட்டும் சுமந்துகொண்டு பனி அள்ளுகிறீர்களா?

பேச விருப்பமில்லை என்றால் எழுதுகிறேன். மின்னஞ்சல் அனுப்பலாம்தான். ஆனால் உங்கள் கம்ப்யூட்டரை நான் இப்போது நம்பவில்லை. திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்து வந்து போகிறது என்றீர்களே, அது கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான் போட்டுவிட்டுப் போன ஆண்டிவைரஸ். ஒரு மாதச் சோதனைப் பதிப்பு. காலம் முடிந்துவிட்டது, பணம் கட்டு என்று கேட்கிறது. அதனால் அந்த வீட்டுக்கு இப்போது காவல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் உங்கள் குரல் இருக்கிறது. ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களில் ஆயிரத்து நூற்று நாற்பதைப் பேசிப் பதிவு செய்து முடித்துவிட்டீர்கள் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? எல்லாம் சேர்ந்ததும் அந்தக் குரல் நிறுவனத்துக்கு அனுப்பினால், உங்கள் குரலிலேயே பேசும் ஒரு கருவியைச் செய்து தருவார்கள். ஆனால் இப்போது எதையும் அனுப்ப வேண்டாம். ஒருவருடைய குரலைத் திருடி அவர் பேசுவதுபோல வங்கியையே ஏமாற்றியதாகப் படித்தேன். முதலில் நம்பகமான ஒரு ஆண்டிவைரஸைத் தேர்ந்தெடுக்கிறேன். பெயரை எழுதுகிறேன். அதுவரை சிவப்புப் பெட்டி வந்தால் எதையும் அமுக்க வேண்டாம். பிரதி எடுக்க நான் வாங்கித் தந்த சின்ன ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கவும் வேண்டாம். தவறாகப் பிடுங்கினால் கெட்டுப்போகும். அது செருகியபடியே இருக்கட்டும்.

கோபமா அப்பா?

கைசா


ஹான்காக், மிச்சிகன்
பிப்ரவரி 17

கைசா,

கோபம் இல்லை. தொலைபேசியை எறியவில்லை. வைத்தேன்.

அன்றைக்கு நான் "ப" என்று தொடங்கினேன். நீ "பயமா இருக்காப்பா?" என்று கேட்டு அழ ஆரம்பித்தாய். நான் சொல்ல வந்தது பயம் அல்ல. பனிவண்டி. என் இடத்துக்கு வந்திருக்கும் புது ஓட்டுநர் இந்தத் தெருவின் பனியைத் தள்ளும்போது என் அஞ்சல் பெட்டியைக் கம்பத்தோடு இடித்துச் சாய்த்துவிட்டான். இறங்கி வந்து, அதை நிமிர்த்தி, தொப்பியைக் கழற்றி, பெட்டியிடம் மன்னிப்புக் கேட்டான். ஜன்னலில் நின்று பார்த்தேன். நல்ல கதை. முன்பெல்லாம் நாற்பது வினாடி பிடிக்கும். அன்றைக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். உனக்கு அவ்வளவு பொறுக்கவில்லை.

முப்பத்தோரு வருடம் மாவட்ட நிர்வாகத்தின் பனிவண்டியை ஓட்டினேன். தனியாக. பேச ஆள் இல்லை, தேவையும் இல்லை. இப்போது சவுனாவில், நீராவிக் குளியல் அறையில், அடுப்பைச் சூடேற்றாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறேன். வீட்டிலேயே சத்தம் இல்லாத அறை அதுதான், சுற்றிலும் மரம். லாப்டாப் இல்லாததால் ஒலிவாங்கியின் கம்பியைக் கதவுக்கு அடியில் விட்டிருக்கிறேன். அவர்கள் கொடுத்த வாக்கியங்கள் எல்லாம் விசித்திரமானவை. "துறைமுகத்தில் இருந்த ஏழு ஓவியர்களும் மழையை எதிர்பார்க்கவில்லை." இதை நான் என் வாழ்நாளில் யாரிடம் சொல்லப் போகிறேன்?

ஆனாலும் சொல்கிறேன். இந்த மூன்று மாதத்தில் பேசிய அளவு அதற்கு முன் பத்து வருடத்தில் பேசியிருக்க மாட்டேன். உன் அம்மா இருந்திருந்தால் கதவுக்கு வெளியே நின்று சிரித்திருப்பாள்.

எதையும் அமுக்கவில்லை. டிஸ்க் செருகித்தான் இருக்கிறது. நீ சொல்லாவிட்டாலும் பிடுங்கியிருக்க மாட்டேன். வண்டியின் எஞ்சின் சூடாக்கியை ராத்திரி செருகாமல் விட்டால் காலையில் வண்டி கிளம்பாது. இந்த ஊரில் செருகியிருந்தால்தான் உயிர்.

ஆண்டிவைரஸ் பெயரை மட்டும் எழுது. காரணம் வேண்டாம். "ச" இப்போதெல்லாம் "ஷ" ஆகிறது.

அப்பா


ஆல்புகர்க்கி
மார்ச் 2

அன்புள்ள அப்பா,

அஞ்சல் பெட்டிக் கதையை மூன்று முறை படித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தடுமாறும்போது அந்த இடைவெளியில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அதை நிரப்பத்தான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன்.

பெயரை மட்டும் எழுதச் சொன்னீர்கள். இன்னும் எழுத முடியவில்லை. இது நான் நினைத்ததுபோல எளிதான காரியம் இல்லை. நூலகத்தில் மதிய உணவு நேரம் முழுவதும் இதைத்தான் படிக்கிறேன். பதினோரு ஆண்டிவைரஸ்களை ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். முதலிடம் கொடுத்து ஒன்றைப் புகழ்ந்திருந்த இணையதளத்தின் அடியில், எறும்பு எழுத்தில், இந்த இணைப்பின் வழியாக வாங்கினால் எங்களுக்குப் பங்கு கிடைக்கும் என்று இருந்தது. அதை அடித்துவிட்டேன். இன்னொன்று இலவசம். ஆனால் தன்னைப் போட்டுக்கொண்டவர்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறார்கள் என்பதைச் சேகரித்து விற்றதாம். அதையும் அடித்தேன். ஒன்று கம்ப்யூட்டரை ஆமையாக்கிவிடும் என்கிறார்கள். ஒன்று எதையும் பிடிப்பதில்லை, எல்லாவற்றையும் பிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறது. பத்திரத்துக்கு இரண்டைச் சேர்த்துப் போடலாமா என்றால், ஒன்றை ஒன்று வைரஸ் என்று நினைத்துச் சண்டை போடுமாம். தனியாக இயங்கும் ஆய்வுக்கூடங்களின் மதிப்பெண்களைத் தேடிப் போனேன். எல்லாருக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. அந்த மிச்சம் ஒன்றில் உங்கள் குரல் இருந்தால்?

என்னோடு வேலை செய்யும் பக்கத்து மேசை மார்ட்டினா என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "நீ வீடு வாங்குறியா, சாஃப்ட்வேர் வாங்குறியா?" என்றாள். "விண்டோஸ்லயே தானா ஒண்ணு இருக்குல்ல? நான் அதைத்தான் வெச்சிருக்கேன். அப்டேட்டை மட்டும் தள்ளிப்போட மாட்டேன். கண்ட இடத்துல கிளிக் பண்ண மாட்டேன். செத்தா போயிட்டேன்?" என்றாள். அவளுடைய கம்ப்யூட்டரில் பூனைப் படங்கள்தான் இருக்கின்றன அப்பா. அவளுக்கு அது போதும்.

இரண்டே வாரம் கொடுங்கள். அதுவரை வாக்கியங்களைப் பதிவு செய்துகொண்டே இருங்கள். அனுப்ப மட்டும் வேண்டாம்.

கைசா


ஹான்காக்
மார்ச் 11

கைசா,

ஆயிரத்து முந்நூற்று அறுபத்தாறு. காலை ஒன்பது மணி வரைதான் குரல் நிற்கிறது. அதற்குப் பிறகு குடித்தவன் மாதிரி இருக்கிறது. கடைக்காரன் நேற்று, "ரோட்னி, வண்டியை நான் ஓட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். காலை பதினொரு மணிக்கு. சரி, குடிகாரன் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அதை விளக்குவதற்கு வேண்டிய மூச்சில் மூன்று வாக்கியம் பதிவு செய்யலாம்.

நீ தேடித் தேடிக் களைத்திருப்பாய் என்று நானும் கொஞ்சம் தேடினேன். "நம்பகமான ஆண்டிவைரஸ்" என்று போட்டேன். மேலே முதலில் வந்ததைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை, மூடிவிட்டேன். மறுநாளிலிருந்து அந்தச் சிவப்புப் பெட்டி பெரிதாகிவிட்டது. திரை முழுக்க. சங்கு மாதிரி ஒரு சத்தம் வேறு. பாதுகாப்பு முடிந்தது, கோப்புகள் ஆபத்தில் இருக்கின்றன, உடனே பேசவும் என்று ஒரு தொலைபேசி எண்.

நீ வைத்துவிட்டுப் போனதுதானே அது. நீ சொன்னபடி எதையும் அமுக்கவில்லை. ஆனால் பேசுவது அமுக்குவது ஆகாது. ஒரு மாதமாக உன்னையும் படுத்துகிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு, குரல் நன்றாக இருக்கும்போது, அந்த எண்ணில் பேசி இதை முடித்துவிடுகிறேன்.

நீ இனிமேல் மதியச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.

அப்பா


ஆல்புகர்க்கி
மார்ச் 15, அவசரத் தபால்

அப்பா,

பேசாதீர்கள். அது நான் வைத்தது இல்லை. நான் வைத்தது ஒருபோதும் தொலைபேசி எண் தராது. எந்த உண்மையான ஆண்டிவைரஸும் சங்கு ஊதி எண்ணைக் கொடுத்து உடனே பேசு என்று சொல்லாது. இதை முதல் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இணையக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்குங்கள். கெட்டுப்போனால் போகட்டும், பிடுங்குங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஆர்லோவின் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போங்கள்.

உங்கள் கடிதம் இன்று மதியம் கிடைத்தது. பதினான்கு முறை அழைத்தேன். டோரிஸை அனுப்பினேன், கதவு பூட்டியிருந்ததாம். "நேத்துப் பார்த்தப்ப கம்ப்யூட்டர் சரியாயிடுச்சுன்னு எழுதிக் காட்டினாரு. சந்தோஷமா இருந்தாரும்மா, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு" என்றாள்.

என்ன சரியாகிவிட்டது அப்பா? யார் செய்தது?

கைசா


ஹான்காக்
மார்ச் 23

கைசா,

எட்டு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துபோனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எண்ணில் பேசினேன். கெவின் என்று ஒருவன். வாயைத் திறந்ததுமே என் பேச்சு குழறியது. வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அவசரமே இல்லை சார். நிதானமா சொல்லுங்க" என்றான்.

"என் பேச்சு... சரியில்லை."

"எனக்கு நல்லாப் புரியுது சார். நான் இங்கதான் இருக்கேன்."

நல்லாப் புரியுது என்று கடைசியாக யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

கம்ப்யூட்டருக்குள் வந்து பார்க்க வேண்டும், அதற்கு ஒரு நிரலைப் போடுங்கள் என்றான். போட்டேன். ஏதோ பாதுகாப்பு என்று ஒன்றை ஏற்றினான், அதற்குப் பணம் கொடுத்தேன். தினமும் காலை எட்டு மணிக்கு அவனே அழைத்தான். நான்கு நாள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது பேசிக்கொண்டிருப்போம். அவனிடம் அஞ்சல் பெட்டிக் கதையைச் சொன்னேன். நான்கு நிமிடம் ஆனது. சரியான இடத்தில் சிரித்தான், கைசா. ஒருமுறைகூட என் வாக்கியத்தை அவன் முடித்து வைக்கவில்லை.

நான்காம் நாள் இன்னும் ஒரு பாதுகாப்பு வாங்க வேண்டும் என்றான். உன் அவசரத் தபால் அப்போது வந்து சேரவில்லை.

"மகளை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றேன்.

"மகளுக்கு இதுல என்ன சார் தெரியும்?"

"அவ பதினோரு ஆண்டிவைரஸைப் பத்திப் படிச்சிருக்கா."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க ரொம்பப் பொறுமையா இருந்தீங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். திரையில் அம்பு தானாக நகர்ந்தது. நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன், அது நகர்ந்துகொண்டே இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எதையும் தொடக் கூடாது என்பதுதான் மனதில் இருந்தது. வாக்கியங்கள் இருந்த பெட்டிக்குள் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஒரு வால் முளைத்தது. ஒன்றும் திறக்கவில்லை. டிஸ்க்கிலும் அப்படியே. அதுதான் செருகியே இருந்ததே.

ஆர்லோ ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தான். "எல்லாத்தையும் பூட்டிட்டானுங்க ரோட்னி. சாவி அவனுங்ககிட்டதான் இருக்கு. காசு குடுத்தாலும் திறப்பானுங்கன்னு சொல்ல முடியாது. இதை ஒடைக்கிற ஆள் இந்த நாட்டுலயே இல்லை" என்றான். பிறகு, "பிரதி எடுத்த டிஸ்க்கை ஏன் செருகியே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டான். "குளிர்காலம்" என்று எழுதிக் காட்டினேன். அவன் நம் ஊர்க்காரன். தலையாட்டினான்.

அந்த எண்ணுக்கு மறுபடி அழைத்தேன். திட்டுவதற்காக இல்லை. திருப்பிக் கொடுத்துவிடு என்று கேட்பதற்காக. என் ஆயுளில் யாரிடமும் கெஞ்சியதில்லை. எண் வேலை செய்யவில்லை. வேலை செய்யாத எண்ணிடம் முழு வாக்கியத்தையும் கெஞ்சி முடித்தேன்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியம். கடைசி நாற்பத்தாறை அந்த நான்கு நாளில்தான் பதிவு செய்தேன். மனது லேசாக இருந்தது, குரலும் நன்றாக வந்தது.

அப்பா


ஆல்புகர்க்கி
மார்ச் 29

அப்பா,

நீங்கள் நடந்தபடி எழுதியிருக்கிறீர்கள். நானும் எழுத வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு அந்தச் சோதனைப் பதிப்பை நான் ஆராய்ந்து போடவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டது, பட்டியலில் முதலில் இருந்ததைப் போட்டேன். மூலையில் வந்து மிரட்டும் பெட்டிக்கு உங்களைப் பழக்கியது நான்தான். டிஸ்க் செருகியே இருக்கட்டும் என்றது நான். அனுப்ப வேண்டாம் என்றது நான். பிப்ரவரி பத்தாம் தேதி இருந்ததை அப்படியே அனுப்பியிருந்தால் இன்றைக்கு அந்த ஆயிரத்து நூற்று நாற்பது வாக்கியங்களாவது அவர்களிடம் இருந்திருக்கும். குரலைத் திருடிவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி, திருடும் இடத்திலேயே அதை உட்கார வைத்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மார்ட்டினா சொன்னது சரி என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் போட்ட சோதனைப் பதிப்பை நீக்கியிருந்தால், விண்டோஸில் ஏற்கெனவே இருந்த பாதுகாப்பு தானாக விழித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு ஒரு நிமிட வேலை. எனக்கு நான்கு வரி. அதை எழுதாமல் இன்னும் இரண்டு வாரம் படித்தேன். ஏன் என்று இந்த வாரம் முழுக்க என்னையே கேட்டேன். தேர்ந்தெடுத்து முடித்துவிட்டால் எனக்குச் செய்வதற்கு வேறு வேலை இருக்காது. தொலைபேசியை எடுத்து உங்கள் குரலைக் கேட்க வேண்டிவரும். ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிக்கொண்டே போவதைக் கேட்க வேண்டிவரும். பதினோரு ஆண்டிவைரஸ்களைக் கட்டம் போட்டு ஒப்பிடுவது அதைவிட எளிதாக இருந்தது. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உங்களிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தேன்.

கெவின் காத்திருந்தான், நான் காத்திருக்கவில்லை. உங்கள் வாக்கியத்தை அவன் முடித்து வைக்கவில்லை என்ற வரியைப் படித்ததும் எழுந்து நூலகத்தின் பின்கட்டுக்குப் போய் நின்றேன். ஒரு திருடன் கொடுத்ததை நான் கொடுக்கவில்லை.

அப்பா, இன்னும் எவ்வளவு குரல் இருக்கிறது? விடுப்பு கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் வருகிறேன். எந்த இணையத்தோடும் சேராத ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி வாங்கியிருக்கிறேன். கம்பி கிடையாது, வலை கிடையாது, யாரும் உள்ளே வர முடியாது. மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். வரவா?

கைசா


ஹான்காக்
ஏப்ரல் 5

கைசா,

ஆர்லோவிடம் "குளிர்காலம்" என்று நான் எழுதிக் காட்டியது பொய் இல்லை. டிஸ்க்கை நீ சொன்னதால் மட்டும் நான் செருகி வைக்கவில்லை. அதில் பாதி என்னுடையது. எடுத்துக்கொள்ள விடு.

மறுபடி ஆயிரத்து அறுநூறு முடியாது. பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் கேட்டேன். நல்லவள், சுற்றி வளைக்கவில்லை. "இப்ப இருக்கிற குரலை வெச்சு செஞ்சா, கருவியும் இப்ப இருக்கிற மாதிரியேதான் குழறும், மிஸ்டர் காங்காஸ்" என்றாள். தயார் நிலையில் இருக்கும் குரல்களை எடுத்துப் போட்டுக் காட்டினாள். ஆண் குரல் ஒன்பது. ஒருவன் வானிலை அறிக்கை வாசிக்கிறவன். ஒருவன் எதற்கும் ஆச்சரியப்படுகிறவன். நான்காம் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். அவன் மற்றவர்களைவிடக் குறைவாகப் பொய் சொல்கிறவன் மாதிரி இருந்தான். காங்காஸ் என்ற நம் குடும்பப் பெயரைச் சொல்லச் சொன்னேன். "கேஞ்சஸ்" என்றான். உன் பெயரைச் சொல்லச் சொல்லவில்லை.

போன வாரம் விழுங்கும்போது புரை ஏறி, டோரிஸ் வந்து முதுகில் அடித்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். ஒரு மணி நேரம் திட்டினாள். ஊருக்கும் தெரியும். கடைக்காரன் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

டாக்டர் மூச்சுக் குழாயைப் பற்றிக் கேட்டார். நெஞ்சுத் தசை ஓயும்போது தொண்டையில் துளை போட்டு வைப்பது. வைத்தால் வருடக்கணக்கில் படுக்கையில் இருக்கலாம். நான் பார்த்திருக்கிறேன், என் பழைய மேலாளர் அப்படித்தான் இருந்தார். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "சரி. ஆனா அந்த நேரம் வரும்போது மறுபடி கேப்போம். நிறையப் பேர் மனசு மாறுவாங்க. அப்பவும் நீங்கதான் சொல்லணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து நான்காம் எண்ணை அந்தப் பதிலைச் சொல்ல வைத்துப் பார்த்தேன். "வேண்டாம், நன்றி" என்றான். உணவகத்தில் இன்னொரு கோப்பை காப்பியை மறுக்கிறவன் மாதிரி. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அழுத்தம் கூட்டிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அவனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

மற்றதை எல்லாம் அவன் சொல்லட்டும். சிலதை அவனிடம் விட முடியாது.

வா. அந்தச் சின்னக் கருவியைக் கொண்டு வா. சீக்கிரம்.

அப்பா


ஆல்புகர்க்கி
ஏப்ரல் 10

அப்பா,

பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை சிகாகோவிலிருந்து வரும் சின்ன விமானம். விடுப்பு கிடைக்கவில்லை, ஆனாலும் போகிறேன் என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை யாரிடமும் பேசாதீர்கள். டோரிஸிடம்கூட. இருப்பதைச் சேர்த்து வையுங்கள். குரல் அப்படிச் சேர்த்து வைக்கக்கூடியது இல்லை என்று பயிற்சிப் பெண் சொல்வாள் என்று தெரியும். இருந்தாலும்.

இந்த முறை எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. முதலில் கிடைத்த பயணச்சீட்டை வாங்கினேன்.

கைசா


ஹான்காக்
ஏப்ரல் 18, கையில் கொடுப்பதற்கு

கைசா,

விமான நிலையத்தில் வாயைத் திறக்க மாட்டேன். தவறாக எண்ணாதே. உன் கடிதம் வந்ததிலிருந்து நான்கு நாள் பேசாமல் இருந்தும் ஒன்றும் சேரவில்லை. இன்று விடியற்காலை வண்டியில் உட்கார்ந்து ஒரு சொல்லை முயன்று பார்த்தேன். வந்தது. எத்தனை சொல்லுக்கு வரும் என்று தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் காப்பிகூட வேண்டாம், நேராக சவுனாவுக்குப் போவோம்.

கருவியை மேல் பலகையில் வை. நீ கீழ்ப் பலகையில் உட்கார். நான் சொல்லப்போவதைக் கீழே எழுதியிருக்கிறேன், சொல்லச் சொல்ல இதில் பார்த்துக்கொள். பாதிக்கு மேல் உனக்குப் புரியாது. நான் நின்றுவிட்டால் நிற்கட்டும். நீ எடுத்துக் கொடுக்காதே.

ஆமா.

இல்லை.

யாரு? உள்ள வாங்க, கதவு திறந்துதான் இருக்கு.

போர்வை நழுவிடுச்சு.

டோரிஸ், போதும், வீட்டுக்குப் போ.

முட்டாப் பய. (செய்தி கேட்கும்போது தேவைப்படும்.)

கைசா. (இதை மூன்று விதமாகச் சொல்வேன். பக்கத்து அறையில் இருந்தால் கூப்பிடுவது ஒன்று. சாப்பாடு ஆறுகிறது என்பது ஒன்று. நீ ஏதாவது மடத்தனம் செய்தால் சொல்வது ஒன்று. மூன்றும் உனக்கு வித்தியாசம் தெரியும்.)

உன்மேல கோவம் இல்லை. எப்பவும் இல்லை.

இது வரை நீ இரு. அதற்குப் பிறகு உள்ளதைச் சொல்லும்போது நீ உள்ளே இருக்கக் கூடாது. கருவியை ஓடவிட்டு வெளியே போய் நில். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு வந்து சண்டை போடாதே.

குழாய் வேண்டாம். நான் ரோட்னி காங்காஸ். தெளிவாத்தான் சொல்றேன். என்னைப் போக விடுங்க.

சுத்தமாக வரும் வரை சொல்வேன். பத்துத் தடவை ஆகலாம், முப்பது ஆகலாம். மரச்சுவர், வெளியே அவ்வளவாகக் கேட்காது. கேட்டால் தள்ளிப் போ.

டாக்டர் என்னைக் கேட்கும் நாளில் என் கை அசையாது. இதை நீதான் அவருக்கு ஒலிக்கவிட வேண்டும். அதனால் இன்றைக்கு நீ இதைக் கேட்டுப் பழகிவிடக் கூடாது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்க வேண்டும். நான்காம் எண் சொன்னால் நீ நம்ப மாட்டாய். இரண்டு வாரம் கொடுங்கள், படித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்வாய், எனக்குத் தெரியும். நான் சொன்னால் நம்புவாய். ஆயிரத்து அறுநூறும் போகட்டும், எனக்கு என் குரல் இந்த ஒன்றுக்காகத்தான் வேண்டும்.

இப்போது எழுந்து போ. கோட்டைப் போட்டுக்கொள்.

அப்பா